நம் தோலில் எங்கே பார்ப்பது, எதைப் பார்ப்பது?

மதுரையிலிருந்து 54 வயது அம்மா ஒருவர் கேட்டிருக்கிறார்: "மகள் மெல்பர்னில் இருக்கிறாள். அங்கே பலரும் அவ்வப்போது தோலைப் பரிசோதித்துக்கொள்வார்களாம். அவளும் போய் வந்துவிட்டு, என்னையும் கண்ணாடி முன்னால் நின்று மச்சங்களைப் பார்க்கச் சொல்லி ஒரு படம் அனுப்பியிருக்கிறாள். எனக்கு உடம்பு முழுக்க மச்சம். கழுத்தில் சின்னச் சின்ன மரு வேறு வருடா வருடம் கூடிக்கொண்டே போகிறது. எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும், எதை விட்டுவிடலாம்?"

கழுத்து மரு புற்றுநோய் இல்லை. அதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன், தூக்கம் கெட வேண்டாம். ஆனால் அந்த மரு வேறு ஒன்றைச் சொல்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

மகள் அனுப்பிய படத்தில் தப்பு எதுவும் இருக்காது. ஆனால் அந்தப் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலை மனதில் வைத்து வரைந்தவை. ஆஸ்திரேலியாவில் மூன்று பேரில் இரண்டு பேருக்கு 70 வயதுக்குள் ஏதாவது ஒரு தோல் புற்றுநோய் வந்துவிடுகிறது என்பது அங்கே பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. அவர்களுக்கு வெயில்தான் எதிரி. அதனால் முகம், தோள், முதுகு, கெண்டைக்கால் என்று தேடுகிறார்கள். நமக்குத் தோல் புற்றுநோய் அரிது. அரிது என்பதாலேயே வரும்போது யாருக்கும் சந்தேகம் வருவதில்லை, டாக்டருக்கும்கூட. அதோடு, நமக்கு வரும் இடமே வேறு. 30 வருடம் தோல் பிரிவில் உட்கார்ந்திருந்தவன் நான். நான் கண்டுபிடித்த மெலனோமாக்களில் பெரும்பாலானவை, "செருப்பைக் கழற்றுங்க" என்று சொன்ன பிறகு தெரிந்தவை.

மெலனோமா என்பது தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்களில் வரும் புற்றுநோய். தோல் புற்றுநோய்களில் ஆளைச் சாய்ப்பதில் இதுதான் மோசமானது. கருத்த தோலிலும் மாநிறத் தோலிலும் இது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில் என்று வெயில் படாத இடமாகப் பார்த்து வரும். சன்ஸ்கிரீன் தடவி இதைத் தடுக்க முடியாது. கண்ணால் பார்த்துப் பிடிப்பதுதான் வழி.

நான் ஏமாந்த கதையைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்து ஏழெட்டு வருடம் இருக்கும். நடவு வேலைக்குப் போகிற ஒரு அம்மா வந்தார். குதிகாலில் எட்டணாக் காசு அகலத்துக்கு ஒரு கருப்புத் திட்டு. முள் குத்தி ரத்தம் கட்டிவிட்டது என்றார். விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண்ணும் இருந்தது. மதியம் ஒரு மணி, வெளியே வரிசை நீண்டுகொண்டிருந்தது. டியூப்லைட் வெளிச்சத்தில் காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, சேற்றுப்புண்ணுக்குக் களிம்பு எழுதி அனுப்பிவிட்டேன். ஐந்து மாதம் கழித்து மகனோடு வந்தார். திட்டு இரண்டு மடங்காகி, நடுவில் ஈரமாகக் கசிந்தது. தொடை இடுக்கில் நெல்லிக்காய் அளவுக்கு நெறி கட்டியிருந்தது. அப்புறம் நாங்கள் எவ்வளவோ செய்தும் அந்த அம்மாவைக் காப்பாற்ற முடியவில்லை. அன்றிலிருந்து எந்தக் காலையும் கழுவச் சொல்லாமல், ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பாமல் நான் பார்ப்பதில்லை. நீங்களும் அப்படியே பாருங்கள்.

உள்ளங்காலில் இருக்கிற கருப்பெல்லாம் புற்று இல்லை. நம்மவர்கள் பலருக்கு அங்கே இளம்பழுப்புப் புள்ளிகள் இயல்பாகவே இருக்கும். சின்னச் சின்னதாக, இரண்டு காலிலும், வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். செருப்புச் சாயமும் மருதாணிக் கறையும் நாலு குளியலில் மங்கிவிடும். ரத்தக்கட்டு சில வாரத்தில் தோலோடு உரிந்து போய்விடும். போகாமல் நிற்பது, ஓரம் மெல்லப் பரவுவது, ஓரிடத்தில் அடர் கருப்பும் பக்கத்திலேயே சாம்பலும் பழுப்புமாகத் தெரிவது, இவைதான் ஆகாதவை.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. உள்ளங்காலிலும் கைரேகை மாதிரி மேடும் பள்ளமுமாகக் கோடுகள் ஓடும். சாதாரண மச்சத்தின் நிறம் பெரும்பாலும் பள்ளத்தில் நிற்கும், உழவுச்சாலில் தண்ணீர் நிற்பதுபோல. மெலனோமாவில் நிறம் மேட்டின் மேல் ஏறிக்கொள்ளும். இதைத் தெளிவாகப் பார்த்து எழுதிவைத்தவர்கள் ஜப்பானிய மருத்துவர்கள். அவர்களுக்கும் உள்ளங்கால் வகைதான் அதிகம் வருகிறது. வெறும் கண்ணுக்கு இது சரியாகத் தெரியாது. தோல் டாக்டரிடம் டெர்மோஸ்கோப் என்று விளக்கு வைத்த ஒரு பூதக்கண்ணாடி இருக்கும். அதைத் தோல் மேல் வைத்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஊசியும் இல்லை, வலியும் இல்லை.

எல்லா மெலனோமாவும் கருப்பாக இருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். சிலது இளஞ்சிவப்பாக, சதை துருத்திக்கொண்டு வந்ததுபோல இருக்கும். கால் ஆணி என்று நினைத்து மாதக்கணக்கில் பிளாஸ்திரி போட்டுக்கொண்டிருப்பவர்களில் எப்போதாவது ஒருவருக்கு இது இருந்துவிடும். ஆணி பிளாஸ்திரிக்கு இரண்டு மாதத்தில் கட்டுப்படவில்லை என்றால் மூன்றாவது பாக்கெட் வாங்காதீர்கள், காட்டுங்கள்.

அடுத்து நகம். பாடகர் பாப் மார்லியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1977-ல் அவருடைய கால் பெருவிரல் நகத்துக்கு அடியில் இருந்ததை முதலில் கால்பந்தில் பட்ட அடி என்றுதான் நினைத்தார்கள். மெலனோமா என்று தெரிந்து, விரலை எடுத்துவிடச் சொன்னபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை. 1981 மே மாதம் இறந்தபோது வயது 36.

அடிபட்ட நகத்தையும் இதையும் வீட்டிலேயே ஓரளவு பிரித்துப் பார்க்கலாம். ரத்தக்கட்டு நகத்தோடு சேர்ந்து முன்னால் நகரும். கைநகம் மாதத்துக்கு சுமார் 3 மில்லிமீட்டர் வளரும், கால்நகம் அதில் பாதி. இன்று ஒரு போட்டோ, இரண்டு மாதம் கழித்து ஒரு போட்டோ. கருப்புக்குப் பின்னால் புது நகம் சுத்தமாக முளைத்து வந்திருந்தால் கவலையில்லை. கருப்பு அதே இடத்தில் வேரூன்றி நின்றால் காட்ட வேண்டும். நகத்தில் நீளவாக்கில் பழுப்புக் கோடு ஓடுவது நம் நிறத்துக்குச் சகஜம்தான். பல விரல்களில் மெல்லிசாக இருந்தால் விட்டுவிடலாம். ஒரே ஒரு நகத்தில், அதிலும் கட்டைவிரலிலோ கால் பெருவிரலிலோ, 3 மில்லிமீட்டருக்கு மேல் அகலமாக, அகலம் கூடிக்கொண்டே போனால் அது வேறு. அந்த நிறம் நகத்தைத் தாண்டி, நகக்கண்ணுத் தோலிலும் மை கசிந்ததுபோலப் பரவியிருந்தால் அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். நெயில் பாலிஷை மாதத்துக்கு ஒருமுறையாவது முழுக்க அழித்துவிட்டுப் பாருங்கள். பாலிஷுக்குக் கீழே ஒரு வருடம் ஒளிந்திருந்த கோட்டை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, மச்சத்துக்கு வருவோம். உங்கள் பள்ளிக்கூட டி.சி. பீரோவில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். அங்க அடையாளங்கள் என்று இரண்டு எழுதியிருப்பார்கள்: வலது கன்னத்தில் ஒரு மச்சம், இடது முழங்கையில் ஒரு மச்சம். நாற்பது வருடம் கழித்தும் அது அங்கேயேதான் இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் வாத்தியார் அதை எழுதினார். வயதாக ஆகச் சாதாரண மச்சம் கொஞ்சம் மேடாகலாம், நிறம் வெளுக்கலாம், அதில் முடி முளைக்கலாம். எல்லாமே வருடக்கணக்கில் மெதுவாக நடக்கும். சில மாதங்களில் மாறினால்தான் சந்தேகம். மச்ச சாஸ்திரத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் எந்த மச்சம் எங்கே இருக்கிறது என்று நம் பாட்டிமார்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்ததற்கு அதுதான் காரணம். அந்த அளவில் அது நல்லதுதான்.

மகள் அனுப்பிய படத்தில் ஏ, பி, சி, டி, ஈ என்று ஐந்து எழுத்து இருந்திருக்கும். முதல் நான்கும் 1985-ல் நியூயார்க் மருத்துவர்கள் வகுத்தவை, ஐந்தாவது 2004-ல் சேர்ந்தது. ஒரு பாதி மறு பாதியைப் போல இல்லாதது, ஓரம் கந்தலாக இருப்பது, ஒரே மச்சத்தில் பல நிறம், 6 மில்லிமீட்டருக்கு மேல் அகலம், அப்புறம் மாற்றம். இதில் கடைசியாக வந்ததுதான் எனக்கு முதல். 6 மில்லிமீட்டர் என்பது பென்சிலின் பின்பக்க ரப்பர் அகலம். அதைவிடச் சிறியது என்பதற்காக வளர்ந்துகொண்டே போகும் ஒன்றை விட்டுவிடக் கூடாது. பிறவியிலிருந்தே பெரிதாக, மாறாமல் இருக்கும் ஒன்றைப் பார்த்துத் தினம் பயப்படவும் கூடாது. உடம்பு முழுக்க மச்சம் என்கிறீர்கள். அவை எல்லாம் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் மாதிரி ஒரு சாயலில் இருக்கும். அந்தச் சாயலில் சேராத ஒன்று தெரிந்தால் அதைக் கவனியுங்கள். பெரும்பாலான மெலனோமா பழைய மச்சத்திலிருந்து வருவதில்லை, புதிதாகத்தான் முளைக்கிறது. அதனால் 40 வயதுக்கு மேல் புதிதாக வரும் கரும்புள்ளிக்குக் கொஞ்சம் கூடுதல் மரியாதை கொடுங்கள்.

ஆனால் அந்த வயதில் புதிதாக வருவதில் முக்கால்வாசி ஒன்றுமில்லாதவை. கன்னத்திலும் நெற்றியோரத்திலும் கடுகு தூவியதுபோல வரும் கருப்பு முத்துகள் நம் நிறத்துக்குக் குடும்பச் சொத்து. அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கும் வரும். முதுகில் மெழுகை ஒட்டவைத்ததுபோல, சொரசொரப்பாக வரும் பழுப்புத் திட்டும் வயதின் அடையாளம்தான்.

மச்சத்தைப் பற்றியே எல்லோரும் கேட்கிறார்கள். ஆனால் நம் ஊரில் மெலனோமாவைவிட அதிகம் பார்ப்பது ஆறாத புண்ணாக வரும் புற்றுநோயைத்தான். மச்சத்தைக் கண்ணாடியில் பார்க்கிறவர்கள் புண்ணைத் துணியால் மூடிவிடுகிறார்கள். முக்கியமாகப் பழைய தீக்காயத் தழும்பு. சின்ன வயதில் அடுப்பில் சுட்டுக்கொண்டது, ஸ்டவ் வெடித்தது, வெந்நீர் கொட்டியது என்று வந்த தழும்பு இருபது, முப்பது வருடம் சும்மா கிடந்துவிட்டு ஒருநாள் வெடித்துப் புண்ணாகும். மார்ஜோலின் புண் என்று இதற்குப் பெயர். 1828-லேயே தழும்பில் வளரும் இந்தப் புண்ணைப் பற்றி எழுதிய பிரெஞ்சு மருத்துவரின் பெயர் அது. காஷ்மீரில் குளிருக்கு அங்கிக்குள் காங்கிரி என்ற தணல் சட்டியை வைத்துக்கொள்வார்கள். அங்கே தொடையிலும் அடிவயிற்றிலும் இதே வகைப் புற்றுநோய் வருவது மருத்துவப் புத்தகங்களில் பிரபலம். சூடுதான் அங்கே காரணம்.

நமக்கு இன்னொரு இடம் உண்டு, இடுப்பு. 1945-ல் நம் நாட்டு ஆய்வாளர்கள் கனோல்கரும் சூர்யாபாயும் பழக்கவழக்கத்தால் வரும் புற்றுநோய்கள் பற்றி எழுதியபோது, வேட்டியை இறுக்கிக் கட்டும் இடத்தில் வருவதையும் ஒன்றாகச் சொன்னார்கள். சேலை கட்டும் பெண்களுக்கும் அதேபோல வரும். பாவாடை நாடா தினமும் ஒரே இடத்தில் இறுகும், வியர்க்கும், உராயும், தோல் கருத்துத் தடிக்கும், அரிக்கும், சொறிந்து புண்ணாகும், ஆறும், மறுபடி புண்ணாகும். பல வருடம் இப்படியே ஓடி எப்போதாவது ஒருவருக்குப் புற்றாகிறது. அரிதுதான். ஆனால் தவிர்க்கச் செலவே இல்லை. நாடாவுக்குப் பதில் அகலப் பட்டி வைத்துத் தையுங்கள். முடிச்சைத் தினம் ஒரே பக்கம் போடாதீர்கள். வீட்டில் இருக்கும்போது தளர்த்திவிடுங்கள். இடுப்பில் தடித்த இடத்தில் புண் வந்து ஒரு மாதத்தில் ஆறவில்லை என்றால் காட்டிவிடுங்கள்.

ஒரு மாதம் என்ற இந்தக் கணக்கை எல்லாப் புண்ணுக்கும் வைத்துக்கொள்ளலாம். ஓரம் தடித்துக் கல்லாக இருப்பது, காலிஃபிளவர் மாதிரிப் பொங்கி வருவது, தொட்டாலே ரத்தம் வருவது, வாடை அடிப்பது என்றால் மாதம்கூடக் காத்திருக்க வேண்டாம். சர்க்கரைக்காரர்கள், "சர்க்கரை இருக்குதே, அதான் ஆறல" என்று தாங்களே முடிவு கட்டிக்கொள்வது பெரிய ஆபத்து. தொழுநோய் வந்து குணமானவர்களின் உள்ளங்காலில் வருடக்கணக்காக இருக்கும் குழிப்புண்ணையும் அப்படி விட்டுவிடக் கூடாது.

மூக்கோரம், கண்ணோரம் இன்னொரு வகைத் தோல் புற்றுநோய் வரும். முத்துபோலப் பளபளக்கும் ஒரு சின்ன மேடு, நம் தோலில் பெரும்பாலும் கருப்பாகவே இருக்கும், மச்சம் என்றுதான் நினைப்போம். நடுவில் பொருக்குத் தட்டும், உதிரும், கொஞ்சம் ரத்தம் வரும், மறுபடி பொருக்கு. மூக்குக்கண்ணாடி அழுத்துகிறது என்று ஃபிரேமை மாற்றிக்கொண்டிருப்பார்கள். இது மெதுவானது, வேறு உறுப்புக்குப் பரவுவது மிக அரிது. ஆனால் விட்டால் மூக்கையே அரித்துவிடும்.

இப்போது எப்படிப் பார்ப்பது. குளித்துவிட்டு, பகல் வெளிச்சத்தில், பீரோ கண்ணாடி முன்னால். கையில் ஒரு சின்னக் கண்ணாடி இருந்தால் முதுகும் பிட்டமும் தெரியும். நான் என்றால் காலிலிருந்துதான் தொடங்குவேன், அலுப்பு வருவதற்குள் முக்கியமான இடம் முடிந்துவிடும். ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு காலை மற்றத் தொடைமேல் போட்டு, உள்ளங்கால், குதிகால், ஒவ்வொரு விரல் இடுக்கு, ஒவ்வொரு நகம். மூட்டுவலியால் காலை மடக்க முடியாதவர்கள் கண்ணாடியைத் தரையில் வைத்து மேலே காலைக் காட்டலாம். அப்புறம் உள்ளங்கை, கைநகம், இடுப்புக் கட்டு, மார்புக்கு அடியில் உள்ள மடிப்பு, பழைய தழும்புகள், பிறப்புறுப்பைச் சுற்றி, காது மடலுக்குப் பின்னால். தலைக்குப் பேன் பார்ப்பதுபோல யாரையாவது வகிடு எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடி முன்னால் நிற்கும்போதே வாயையும் திறந்து கன்னத்து உட்புறம், உதடு, நாக்கின் ஓரம், அடி எல்லாம் பாருங்கள். வாய்ப் புற்று தோல் விஷயம் இல்லைதான். ஆனால் நம் ஊரில் இதைவிட அதுதான் பல மடங்கு அதிகம். வெற்றிலை, புகையிலை போடுகிறவர் வீட்டில் இருந்தால் அவர் வாயை முதலில் பாருங்கள்.

சந்தேகம் வந்ததை போனில் படம் எடுங்கள், பக்கத்தில் ஸ்கேல் வைத்து. ஸ்கேல் இல்லாத படத்தை வைத்துப் பெரிதாகிவிட்டதா என்று யாராலும் சொல்ல முடியாது. பார்ப்பது இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்றால் உங்களுக்குப் போதும். தினமும் பார்த்தால் மாற்றமே தெரியாது, வளர்கிற பிள்ளையைத் தினம் பார்க்கிற தாய்க்கு வளர்த்தி தெரியாததுபோல.

சிலர் மட்டும் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள், பிறவியிலேயே உடம்பு முழுக்க நிறமி இல்லாதவர்கள். இவர்களுக்கு வெயிலும் எதிரிதான், முழுக்கைச் சட்டையும் குடையும் சன்ஸ்கிரீனும் கட்டாயம். சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களின் குழந்தைக்கு, நடக்கத் தொடங்கும் வயதிலேயே முகத்தில் கரும்புள்ளிகள் அப்பி, வெயிலைப் பார்த்தால் கண் கூசி அழுதால், உடனே தோல் டாக்டரிடம் காட்ட வேண்டும். வெயிலில் கெட்ட செல்லைச் சரிசெய்ய முடியாத ஒரு பிறவிக் கோளாறு உண்டு. வெயிலிலிருந்து காக்காவிட்டால் அந்தப் பிள்ளைகளில் பலருக்குப் பத்து வயதுக்குள்ளேயே தோல் புற்றுநோய் வந்துவிடும்.

செய்யக் கூடாதது, மருவையோ மச்சத்தையோ சுண்ணாம்பும் சோடாவும் வைத்து எரிப்பது, தலைமயிரால் கட்டுவது. வைத்தீஸ்வரன் கோவிலில் உப்பும் மிளகும் போடுங்கள், யாரும் தடுக்கவில்லை. மரு பல நேரம் தானாகவே உதிரவும் செய்யும். ஆனால் கருத்த மச்சத்தைச் சுட்டு எரிக்காதீர்கள். அழகு நிலையத்தில் லேசர் வைத்து மச்சம் எடுப்பதையும் அதே கணக்கில் சேர்க்கிறேன். எரித்த மச்சத்தில் என்ன இருந்தது என்று பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது. டாக்டர் வெட்டி எடுத்தாலும், சந்தேகப்பட்ட சதை லேபுக்குப் போகிறதா என்று கேளுங்கள். "கத்தி பட்டால் பரவிவிடும்" என்று பயாப்சிக்குப் பயப்படுபவர்கள் நிறைய. பரவாது. தள்ளிப்போட்ட நாட்களில்தான் பரவும்.

தள்ளிப்போட்டதில் எவ்வளவு முற்றிவிட்டது என்பதற்கு ஒரு அளவுகோல் இருக்கிறது. 1970-ல் பிரெஸ்லோ என்ற அமெரிக்க மருத்துவர், மெலனோமா எவ்வளவு அகலம் என்பதைவிட எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதுதான் உயிரைத் தீர்மானிக்கிறது என்று காட்டினார். இன்றும் ரிப்போர்ட்டில் முதலில் தேடுவது அந்த எண்ணைத்தான். உங்கள் ஏ.டி.எம். கார்டின் தடிமன் முக்கால் மில்லிமீட்டர். அதற்குள் பிடித்துவிட்டால் பெரும்பாலோருக்கு வெட்டி எடுப்பதோடு வேலை முடிந்துவிடும். நான்கு மில்லிமீட்டரைத் தாண்டினால் கதை வேறு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது, ஓ.பி. சீட்டு வாங்கிக்கொண்டு போனால் போதும். போகும்போது பாலிஷ், மருதாணி, பிளாஸ்திரி எதுவும் இல்லாமல் போங்கள். காட்டும் இடத்தை மட்டும் காட்டிவிட்டு எழுந்துவிடாதீர்கள், காலையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி கழுத்து மரு. மெல்லிய காம்பில் தொங்கும் சின்ன மருக்கள், கூடவே கழுத்து மடிப்பு வெல்வெட் மாதிரித் தடித்துக் கருத்திருக்கிறதா என்று பாருங்கள். தேய்த்துக் குளித்தால் போகாத கருப்பு அது, அழுக்கு இல்லை. இந்த இரண்டும் சேர்ந்து வருடா வருடம் கூடினால், உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம். வெறும் வயிற்றில் ஒன்று, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று என்று ரத்தச் சர்க்கரை பார்த்துவிடுங்கள், மூன்று மாதச் சராசரியும் சேர்த்து. மருவை எடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டால் தோல் டாக்டரே ஐந்து நிமிடத்தில் சுட்டு எடுத்துவிடுவார். ஆனால் சர்க்கரை ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள், அவர் முதலில் அதைத்தான் கேட்பார்.